ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை

என் அக்காவின் கணவர் கொடுத்த ஆட்சேபணை மனுவை நான் கோப்பில் சேர்க்கவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது மறதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று அதே கோப்பில் என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. என் மனைவிக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. மாமாவுக்கு... அவருக்குத் தெரியவே கூடாது என்றுதான் இத்தனை வருடமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் சொல்ல முடிகிறது.

லஞ்சம் வாங்கியிருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைப்பதில் தப்பில்லை, நிலத்தின் வகையை மாற்றித் தரும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவனை ஊரே அப்படித்தான் பார்க்கிறது. ஆனால் இல்லை. நான் விண்ணப்பதாரர் கையால் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. இடம் பார்க்கப் போகும்போது குடிதண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே கொண்டு போவேன். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘வாட்டர் பாட்டில்’ என்று பெயர். அது காதில் விழும்போது எனக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைதான் வந்தது.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது ஏதோ காகிதத்தைத் தொலைத்த கதை போலத் தெரியும். ஒரு நிலம் அரசாங்க வரைபடத்தில் விவசாயம் என்று இருந்தால், அதை மனையாகப் பிரித்து விற்க முடியாது. குடியிருப்பு என்று வகை மாற்றிக் கொடுங்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் வந்ததும் அந்தத் துறைக்கும் இந்தத் துறைக்கும் கடிதம் போகும். அங்கே ஏரி இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, அரசு நிலம் ஏதாவது மாட்டுகிறதா என்று அவர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். பிறகு செய்தித்தாளில் ஒரு அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அந்த அறிவிப்பை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், டெண்டர் விளம்பரத்துக்கும் காலமானார் அறிவிப்புக்கும் நடுவில் இருக்கும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு நகல் ஒட்டுவார்கள். அடுத்த மழையில் அது கிழிந்து தொங்கும்.

முப்பது நாள் முடிந்ததும் என்னைப் போன்ற ஒருவன் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவான். அதில் ஒரு கேள்வி உண்டு: ஆட்சேபணை வரப்பெற்றதா? பத்துக் கோப்பில் ஒன்பதுக்கு ஏதும் வந்திருக்காது. அதனால் அந்தப் பதில் என் கைக்கு யோசிக்காமலே எழுத வரும்.

எங்கள் ஊரில் இந்தக் கோப்புக்குப் பஞ்சமே இல்லை. பௌர்ணமிக்கு வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து இடம் கேட்கிறார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை கிடைக்காதவர்கள் சொந்தமாகவே கட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். வேங்கிக்கால் பக்கம் அரசாங்க அலுவலகங்கள் வந்ததிலிருந்து அங்கே இருந்த வயல்கள் தெருக்களாகிவிட்டன. சுற்றுவட்டாரத்தில் எந்த வரப்பில் நின்றாலும் மலை தெரியும். மலை தெரிந்தால் விலை ஏறும். விலை ஏறினால் கோப்பு என் மேசைக்கு வரும்.

அப்படித்தான் அந்தக் கோப்பும் வந்தது. சர்வே எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். விண்ணப்பித்தவர் வெளியூர்க்காரர். அவர் வாங்கியிருந்த ஆறு ஏக்கருக்கு அடுத்த நிலம் என் மாமாவுடையது.

மாமா பெயர் ஏழுமலை. இரண்டரை ஏக்கர். ஊர் ஏரி நிரம்பினால் மதகைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக இந்த ஆறு ஏக்கரைக் குறுக்கே கடந்து மாமா நிலத்துக்கு வரும். அதை நம்பி ஒரு போகம் நெல், மீதி நாளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. கிணறும் அந்த ஈரத்தில்தான் ஊறியது. பொங்கல் முடிந்ததும் அக்கா ஒரு மூட்டை அரிசி என் வீட்டுக்கு அனுப்புவாள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வாய்க்கால் அரசாங்க வரைபடத்தில் கிடையாது. அது பட்டா நிலத்துக்குள் ஓடிய வாய்க்கால். மூன்று தலைமுறைக்கு முன் பக்கத்து நிலத்துக்காரர்கள் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு வெட்டியது. அளந்தவர்கள் அதைக் குறிக்கவில்லை. ஆகவே எந்தத் துறையைக் கேட்டாலும் ‘நீர்வழி ஏதுமில்லை’ என்றுதான் பதில் வரும். வந்தது. அப்படி ஒரு வாய்க்கால் இருப்பது கோப்புக்குத் தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. பாதிக்கப்படுகிறவன் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாமா எழுதிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு மொபெட்டில் வந்தார். ஊராட்சிச் சுவரில் ஒட்டியிருந்ததை அவருடைய மகள் உமா பார்த்திருக்கிறாள். அவள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் மனுவை எழுதியிருந்தாள். கோடு போட்ட முழுத்தாளில் ஒன்றரைப் பக்கம். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேர் கையெழுத்து, ஒருவர் கைநாட்டு.

“நாளைக்கு ஆபீசுக்கு வந்து குடுக்கலாம்னு இருக்கேன் மச்சான். இல்ல, ரிஜிஸ்டர் தபால்ல போட்டுடட்டா?” என்று கேட்டார்.

“எதுக்கு மாமா அலையறீங்க? என்கிட்டயே குடுங்க. நான் சேத்துடறேன்.”

இதை நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்! எட்டு வருடமாக நான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர் பாட்டுக்குத் தபாலில் போட்டிருப்பார். முத்திரை விழுந்திருக்கும். நான் நினைத்தாலும் அதை ஒன்றும் செய்திருக்க முடியாது.

“நம்ம ஆளு உள்ள இருக்கச்சொல்ல எனக்கு இன்னா கவலை” என்று சிரித்தார். என் மனைவி போட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கெட்ட எண்ணத்தோடு வாங்கினேனா? இல்லை. அந்த நிமிடத்தில் உண்மையாகவே சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் மனுவை எடுத்து நிதானமாகப் படித்தேன். வாய்க்கால் எங்கே ஆரம்பித்து எந்த வரப்பு ஓரமாகத் திரும்புகிறது, எவ்வளவு அகலம், எத்தனை குடும்பத்துக்குப் பாய்கிறது என்று எல்லாம் இருந்தது. பின்பக்கம் ஸ்கேல் வைத்து ஒரு படமும் வரைந்திருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: ‘மனை போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு மட்டும் வழி விட்டுப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.’

பள்ளிக்கூடப் பெண் எழுதியது என்று நம்ப முடியவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் வக்கீல் மனுக்களில்கூட இந்தத் தெளிவு இருக்காது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். நுழைந்ததும் இடது பக்கம் தபால் பிரிவு. அங்கே கொடுத்தால் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, எண் போடுவார்கள். அந்த எண் விழுந்தால்தான் அது மனு. விழாதவரை வெறும் காகிதம். என் பைக்குள் கைவிட்டேன்... கையை எடுத்துக்கொண்டு என் இருக்கைக்குப் போய்விட்டேன்.

ஏன்?

உமாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது எங்கள் அலுவலகமே அந்த ஊருக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தது. மனுவில் மாமா பெயரையும் ஊரையும் பார்த்தால் தபால் பிரிவில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். ‘அட, இது உங்க மாமா ஆச்சே’ என்பார். அது மேலே போகும். சொந்தக்காரன் ஆட்சேபணையை இவனே வாங்கி வந்து சேர்த்திருக்கிறான், கோப்பையும் இவனே பார்க்கிறான் என்று பேச்சு வரும்.

அதற்கு முந்தைய வருடம்தான் ஒருவர் மேல் மொட்டைக் கடிதம் வந்திருந்தது. சித்தப்பா நிலத்துக்குச் சாதகமாக எழுதிவிட்டார் என்று புகார். அவரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு எங்கள் அதிகாரி, யாராவது சிபாரிசோடு வரக்கூடிய கோப்பு என்றால் என்னைக் காட்டுவார். “இவர்கிட்ட யாரும் நெருங்க முடியாது” என்பார். இந்த ஆறு ஏக்கர் கோப்பையும் அப்படிச் சொல்லித்தான் என்னிடம் தந்தார்.

அந்தப் பேச்சை நான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம்! கேட்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது, பாருங்கள்.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று அன்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். மனு என் பையில் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் அலுவலகத்துக்கு வந்து தினமும் வீட்டுக்குத் திரும்பியது. ஒரு மூலையில் எண்ணெய்க் கறைகூடப் பட்டுவிட்டது. கறையோடு எப்படிக் கொடுப்பது என்று அதையும் ஒரு காரணமாகப் பிடித்துக்கொண்டேன். மனிதனுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டால் காரணத்துக்கா குறைச்சல்?

முப்பதாவது நாளும் போனது.

நேரில் இடம் பார்க்கப் போனேன். நல்ல வெயில் காலம். வாய்க்கால் வறண்டு ஆவாரை முளைத்துக் கிடந்தது. விண்ணப்பதாரரின் ஆள், “மழைக்கு அரிச்ச பள்ளம் சார்” என்றார். நான் அந்தப் பள்ளத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உமா வீட்டு விசேஷத்துக்கு வந்தபோது அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேற்றுக் காலைக் கழுவியிருக்கிறேன். அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

மனு போனால் போகட்டும், நானே அறிக்கையில் வாய்க்காலைக் குறிப்பிட்டுவிடலாமே என்று தோன்றியது. செய்திருக்கலாம். ஆனால் வரைபடத்தில் இல்லாததை எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் என் பையில் இருந்தது. அதைக் காட்டினால், இதை எப்போது யார் கொடுத்தார்கள், ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள்.

எழுதினேன். நீர்வழி ஏதுமில்லை. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை. வழக்கமான வாக்கியங்கள், வழக்கமான கையெழுத்து. அதிகாரி ஒரு வார்த்தை கேட்காமல் மேலே அனுப்பினார். ‘உங்க ரிப்போர்ட்டுன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்’ என்று அவர் சொன்னதையும் நான் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அனுமதி வந்த வாரத்தில் மனுவைத் தோட்டத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

இத்தோடு விட்டேனா? அதுவும் இல்லை. மாமா இரண்டு தடவை போன் செய்து கேட்டார். இரண்டு தடவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மூன்றாவது தடவை நேரில் வந்தார். பொக்லைன் வந்து வரப்பைத் தள்ள ஆரம்பித்திருந்தது.

“மேல ஒத்துக்கல மாமா. மேப்ல வாய்க்காலே இல்லையாம்.”

“நீ எடுத்துச் சொல்லியுமா?”

“சொன்னேன் மாமா.”

மறைத்ததைவிட, அந்தப் பொய் அறிக்கையைவிட, இதுதான் கேவலமானது என்று எனக்குத் தோன்றும். அவர் என் தோளைத் தட்டி, “விடு, உன்னால ஆனத நீ செஞ்ச” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்!

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரித்துச் சொல்லத் தெம்பில்லை. ஆறு ஏக்கரில் செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். சுற்றிச் சுவர் வந்தது. நுழைவில் மலைப் படம் போட்ட வளைவு வந்தது. அந்த வருடம் ஏரி நிரம்பியது, மதகு திறந்தார்கள், தண்ணீர் சுவரில் முட்டிக்கொண்டு ரோட்டில் ஓடியது. மாமா நிலத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு வருடத்தில் கிணறு அடி தட்டியது. நெல் போயிற்று. மழையை நம்பி மல்லாட்டை போட்டார், அதுவும் ஒரு வருடம் வந்தது, இரண்டு வருடம் வரவில்லை.

இப்போது மாமா ஆசிரமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வாசல் காவலுக்குப் போகிறார். நீலச் சட்டை, இடுப்பில் பெல்ட். வெள்ளைக்காரர்கள் வந்தால் எழுந்து நின்று கும்பிட வேண்டும். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

அரிசி மூட்டை வருவது நின்ற வருடம் அக்கா என் மனைவிக்குப் போன் செய்தாள். “இந்தத் தடவ நாங்களே கடை அரிசிதான் வாங்கறோம், தப்பா நெனைக்காதீங்க” என்றாளாம். என் மனைவி இதை என்னிடம் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

நடுநிலைமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். மாமா முன்பின் தெரியாதவராக இருந்து, அதே மனுவை வழியில் என் கையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஐந்து நிமிடத்தில் தபால் பிரிவில் சேர்த்திருப்பேன். சந்தேகமே இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? முன்பின் தெரியாதவனுக்கு என்னிடம் கிடைக்கக்கூடிய நியாயம், என் அக்கா புருஷன் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு உரிமையாக இருந்ததை நான் சலுகை என்று எண்ணிவிட்டேன். சலுகை காட்டாதவன் என்று பெயர் எடுப்பதற்காக அவருடைய உரிமையைப் பிடுங்கினேன்.

இது நேர்மையா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். பதில் எனக்குத் தெரியும்.

இந்த வருடம் மாமா நிலத்தை விற்க முடிவு செய்தார். உமாவுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், காவல் வேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து மனைக்காரர்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வகை மாற்றித் தந்தால்தான் வாங்குவோம் என்றார்கள். ஆக, மாமாவே விண்ணப்பம் போட்டார். அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

இந்தத் தடவை நான் எழுந்து போய், இப்போதிருக்கும் அதிகாரியிடம், இவர் என் அக்கா கணவர், இதை நான் பார்க்கக் கூடாது என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுங்கள், வேறு ஆளுக்குப் போட்டுவிடலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை.

இவ்வளவுதானா!

இதற்குப் பயந்தா அந்த மனுவை மறைத்தேன்? வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவின் விண்ணப்பத்துக்கும் அறிவிப்பு வந்தது. அவர் நிலத்துக்குக் கீழே கன்னியப்பன் என்பவருக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. மாமா நிலத்தில் விழும் மழைத்தண்ணீர் வரப்போரமாக வடிந்து அவர் கிணற்றடிக்குப் போகும். அங்கேயும் சுவர் வந்தால் அதுவும் நின்றுவிடும். கன்னியப்பன் மாமாவிடமே வந்து, ஏழுமலை, நான் எழுதிக் குடுத்தா நீ தப்பா எடுத்துக்குவியா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகக் குடு, எனக்கு ஆனது உனக்கு ஆக வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

கன்னியப்பன் பஸ் ஏறி வந்து தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு போனார். விசாரணைக்கு நாள் போட்டார்கள். எனக்குப் பதிலாக அந்தக் கோப்பைப் பார்த்த இளைஞர் நல்ல மழை நாளாகப் பார்த்துப் போய், தண்ணீர் வடிவதைப் போட்டோ எடுத்து வந்தார். வரைபடத்தில் இல்லாவிட்டாலும் நேரில் இருக்கிறது என்று எழுதினார். வடிகாலுக்குப் பத்தடி அகலம் விட்டால்தான் அனுமதி என்று உத்தரவாயிற்று. நிலத்தின் நீளத்துக்கும் பத்தடி போனால் மனைக் கணக்கு சரிப்படாது என்று வாங்க வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். உமா இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கட்டுக் கட்டாக நோட்டுப் புத்தகங்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மாமா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். கோபமே இல்லை. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மனுவுக்கு இவ்ளோ பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு மச்சான்” என்றார். “கன்னியப்பன் ஒரு பக்கம்தான் எழுதிக் குடுத்தான். அத்தன பேரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. அப்ப நம்ம மனுவுல எங்கியோ கோளாறு இருந்துருக்கு. அவனுக்கு நின்னுச்சு, எனக்கு நிக்கல பாரு.”

குத்திக்காட்டவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உமா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். “நான்தானப்பா எழுதினேன். பிளஸ் டூ படிக்கச்சொல்ல எனக்கு இன்னா தெரியும்?” பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க படிச்சீங்க இல்ல மாமா? அதுல இன்னா தப்பு இருந்துது?”

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். அதிலிருந்து யார் வந்து ஒரு மனு எழுதித் தரச் சொன்னாலும் இவள் எழுதுவதில்லையாம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கேட்டதற்கே, எனக்கு மனு எழுத வராது சார் என்று சொல்லிவிட்டாளாம்.

நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள், இல்லையா? நானும் எதிர்பார்த்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உமா சிவப்புப் பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

“ரொம்ப நாள் ஆச்சேம்மா... ஞாபகம் இல்ல” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டாள். அக்கா காபி கொண்டு வந்தாள். குடித்தேன். மாமா தெருமுனை வரைக்கும் வந்து வண்டி ஏற்றிவிட்டார்.

அந்த மனுவில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது. இத்தனை வருட வேலையில் நான் படித்த மனுக்களில் அதுதான் நல்ல மனு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எனக்கு மனப்பாடம். இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். உமாவிடம் சொல்லவில்லை.